சோவியத் யூனியன் உடைந்தபோது மக்கள் சேமித்த பணம் எங்கே போனது?

கரிசல்மைந்தன்:
மக்களே, ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. சோவியத் யூனியன் ஏன் உடைந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். கோர்பசேவ் காட்டிக்கொடுத்தார், ரீகன் ஆயுதப் போட்டியில் சாய்த்தார், ஆப்கானிஸ்தான் விழுங்கியது, செர்னோபில், பால்டிக் நாடுகள்... அதெல்லாம் இருக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது பணம் சம்பந்தப்பட்டது. மாதாமாதம் சம்பளம் வந்த நாடு, வேலையில்லை என்ற பேச்சே இல்லாத நாடு, சாதாரணக் குடும்பங்கள் அரசு சேமிப்பு வங்கியில் ஆயிரக்கணக்கில் ரூபிள் போட்டு வைத்திருந்தார்கள். 1991 டிசம்பர் 25 இரவு கொடி இறங்கியது, சரி. பாஸ்புக்கில் இருந்த பணம் என்ன ஆனது? யாராவது எடுத்துக்கொண்டு ஓடினார்களா?

செவ்வானம்:
ஓடினார்கள் தோழர், பெயரோடு சொல்லலாம். 1992 ஜனவரி 2 அன்று ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினும் துணைப் பிரதமர் கைதாரும் விலைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் எடுத்தார்கள். அந்த ஆண்டு மட்டும் பணவீக்கம் 2,500 சதவீதம். ஒரு தலைமுறையின் உழைப்பு சில மாதங்களில் காலி. அதே ஆண்டு அக்டோபரில் ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்பில் வவுச்சர் என்று ஒரு காகிதம் கொடுத்து, இதுதான் நாட்டின் சொத்தில் உங்கள் பங்கு என்றார்கள். இரண்டு வோல்கா கார் மதிப்பு வரும் என்று தனியார்மயத்தை நடத்திய சுபைஸ் வாய்கூசாமல் சொன்னார். ஜனங்கள் அதை ஒரு பாட்டில் வோட்காவுக்கு விற்றார்கள். 1995ல் நாரில்ஸ்க் நிக்கல், யூகோஸ், சிப்நெஃப்ட் எல்லாம், அரசு தன் பங்குகளை அடகு வைத்து வாங்கிய அடமானக் கடன் என்ற பெயரில் நாலைந்து வங்கிக்காரர்கள் கைக்குப் போனது. ஆண்களின் சராசரி ஆயுள் 1990ல் 64 பக்கம் இருந்தது, 1994ல் 58க்கும் கீழே. போர் நடக்காத ஒரு பெரிய நாட்டில் இப்படி நடந்ததற்கு வேறு உதாரணம் காட்டுங்கள் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை:
//ஒரு தலைமுறையின் உழைப்பு சில மாதங்களில் காலி//

தோழர் சொன்ன எண்கள் சரி. ஆனால் கதையை 1992ல் ஆரம்பித்தால் பாதியில் தியேட்டருக்குள் நுழைந்த மாதிரி. அந்தப் பணம் 1992க்கு முன்பே செலவாகிவிட்டது. செலவழித்தது சோவியத் அரசு.

கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962ல் அப்போதைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் இறைச்சி, வெண்ணெய் விலையை ஏற்றினார். நோவோசெர்காஸ்கில் ஒரு ரயில் எஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், ராணுவம் சுட்டது, ஆட்கள் செத்தார்கள், செய்தி வெளியே போகாமல் மூடினார்கள். அதிலிருந்து கடை விலையில் கைவைக்க மேலிடத்தில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. உற்பத்திச் செலவு ஏறிக்கொண்டே போனது, கடையில் விலை அப்படியே நின்றது, நடுவில் உள்ள வித்தியாசத்தை பட்ஜெட் சுமந்தது. எண்ணெய்க் காசு வந்த வரைக்கும் தெரியவில்லை. எழுபதுகளில் மேற்கு சைபீரியா எண்ணெயை விற்று, அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கோதுமை இறக்கினார்கள். உலகத்திலேயே நல்ல கரிசல் மண் வைத்திருந்த நாடு இது, உக்ரைனை நினைத்துப் பாருங்கள்.

1985 கடைசியில் பீப்பாய் 30 டாலர் பக்கம் விற்ற எண்ணெய் 1986 நடுவில் 10 டாலர் பக்கம் வந்தது. சவூதி குழாயைத் திறந்துவிட்டது. அதே நேரத்தில்தான் கோர்பசேவ் மதுவிலக்குப் பிரசாரத்தை ஆரம்பித்திருந்தார். நோக்கம் நல்லதுதான், ஆயுளும் கொஞ்சம் கூடியது. ஆனால் வோட்கா வரி சோவியத் பட்ஜெட்டுக்கு எவ்வளவு பெரிய தூண் என்று நம்ம ஊர் டாஸ்மாக் கணக்குப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வருமானம் போனது, ஜனங்கள் வீட்டில் சாராயம் காய்ச்சினார்கள், கடையில் சர்க்கரை மாயமானது, பல ஊர்களில் சர்க்கரைக்குக் கூப்பன் வந்தது. மால்டோவாவிலும் கிரிமியாவிலும் திராட்சைத் தோட்டங்களை வெட்டித் தள்ளினார்கள். அப்புறம் செர்னோபில் செலவு, 1988 ஆர்மீனிய நிலநடுக்கச் செலவு, ஆப்கான் போர்ச் செலவு.

இந்தப் பள்ளத்தை எதால் நிரப்பினார்கள்? வெளிநாட்டுக் கடன் கொஞ்சம். அச்சடித்த நோட்டு கொஞ்சம். மீதி, மக்கள் சேமிப்பு வங்கியில் போட்ட பணம். வங்கி தனியாக எங்கேயும் முதலீடு செய்யவில்லை, அரசுதான் அதை எடுத்துச் செலவு செய்தது. பாஸ்புக்கில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பற்றாக்குறை என்று ஒன்று இருப்பதையே 1988ல்தான் வெளியில் ஒப்புக்கொண்டார்கள்.

கரிசல்மைந்தன்:
அப்படியென்றால் ஜனங்கள் ஏன் அவ்வளவு சேமித்தார்கள்? எதிர்காலம் பற்றிய பயமா?

கணக்குப்பிள்ளை:
வாங்க ஒன்றும் இல்லை, அதனால். காருக்குப் பல ஆண்டு வரிசை. ஃபிரிட்ஜுக்கு வரிசை. 1988ல் நிலைமை இன்னும் மோசமானது, ஏனென்றால் புதிய நிறுவனச் சட்டம் அந்த ஜனவரியில் அமலுக்கு வந்தது. தொழிற்சாலைகள் லாபத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், சம்பளத்தை ஏற்றலாம். விலையை நிர்ணயிப்பது மட்டும் மேலிடம். அதே ஆண்டு கூட்டுறவுச் சட்டம். சோவியத் கணக்கில் இரண்டு வகைப் பணம் இருந்தது. தொழிற்சாலைகளுக்குள் வெறும் ஏட்டில் ஓடும் பணம் ஒன்று, ஜனங்கள் கையில் இருக்கும் நோட்டு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர். கூட்டுறவு என்ற பெயரில் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு கடை போட்டு, ஏட்டுப் பணத்தை நோட்டாக மாற்ற வழி கண்டுபிடித்தார்கள். பின்னால் பெரும் பணக்காரர்களான சிலர் பழகிய முதல் வித்தை இதுதான். நோட்டு பெருகியது, சரக்கு பெருகவில்லை, விலை நகரவில்லை. அலமாரி காலியாகாமல் என்ன செய்யும்?

பழைய மாணவன்:
இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் நான் கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். 1991ல் உக்ரைனில் சம்பளத்தோடு ஒரு கூப்பன் தாளும் கொடுப்பார்கள், கடையில் ரூபிளோடு கூப்பனையும் வெட்டிக் கொடுத்தால்தான் சாமான். பணம் இருந்தது, கூப்பன் இல்லாவிட்டால் பணம் வெறும் காகிதம். வெளிநாட்டு மாணவர்களான எங்களிடம் ஜீன்ஸ், ஜாக்கெட், கால்குலேட்டர் என்று ஏதாவது இருக்கும், அதை விற்றே பாதி ஹாஸ்டல் பிழைத்தது.

எங்கள் விடுதி வாசலில் சாவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், கணவர் போரில் காலை இழந்தவர், சேமிப்பு வங்கியில் தன் இறுதிச் சடங்குக்கு என்று பணம் போட்டு வைத்திருந்தார். அங்கே வயதானவர்கள் எல்லோரும் அப்படிச் செய்வார்கள், பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று. 1993ல் உக்ரைனில் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியது. ரஷ்யாவை விட மோசம். 1996ல் ஹ்ரிவ்னியா என்ற புது நாணயம் வந்தபோது, ரூபிளுக்குப் பதிலாக ஓடிய ஒரு லட்சம் பழைய கூப்பன் பணத்துக்கு ஒரு ஹ்ரிவ்னியா. பாட்டியின் பணத்துக்குச் சவப்பெட்டியின் ஆணி கூட வராது. அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார், விலை கேட்டால் மட்டும் கோர்பசேவைத் திட்டுவார். யெல்ட்சினை இல்லை, உக்ரைன் ஜனாதிபதி கிராவ்சுக்கை இல்லை, கோர்பசேவை.

எங்கள் உடற்கூறியல் பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் துருக்கி ஸ்வெட்டர் விற்றார். எஞ்சினியர்கள் கட்டம்போட்ட பெரிய பைகளோடு போலந்துக்கும் இஸ்தான்புல்லுக்கும் பஸ் ஏறினார்கள். யாரும் வெட்கப்படவில்லை, வெட்கப்பட நேரம் இல்லை.

செவ்வானம்:
கணக்குப்பிள்ளை அவர்களே, உங்கள் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். பொருளாதாரம் தடுமாறியது, அதற்காக நாட்டையே கலைக்க வேண்டுமா? 1991 மார்ச் 17 வாக்கெடுப்பில் 76 சதவீதம் பேர் யூனியன் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். ஒன்பதே மாதத்தில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் மூன்று பேர் பெலாரஸின் பெலோவெஷ் காட்டு விடுதியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கலைத்தார்கள். இதை ஜனநாயகம் என்கிறீர்களா?

நல்லூரான்:
//76 சதவீதம் பேர் யூனியன் வேண்டும் என்று//

வாக்கெடுப்பு நடந்த இடத்தில் 76. லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, ஜார்ஜியா, ஆர்மீனியா, மால்டோவா ஆறும் புறக்கணித்தன. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் லித்துவேனியத் தலைநகர் வில்னியஸின் தொலைக்காட்சிக் கோபுரத்தில் டாங்கி ஏற்றி 14 பேரைக் கொன்றிருந்தார்கள். அப்புறம் டிசம்பர் 1ல் உக்ரைன் தனியாகக் கேட்டபோது 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு. கிரிமியாவிலேயே 54. மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் நடுவில் கோர்பசேவைக் கவிழ்க்க ஆகஸ்ட் சதி நடந்தது, மூன்று நாள் டிவியில் ஸ்வான் லேக் பாலே நடனம் ஓடியது, சதிக்காரர்களின் முகமாக நின்ற துணை ஜனாதிபதி யானாயெவின் கை நடுங்கியதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு மாஸ்கோவை நம்பி யார் இருப்பார்?

எங்கள் ஆட்கள் இந்த விஷயத்தில் கவனிக்க ஒன்று உண்டு. 1977 அரசியல் சட்டத்தின் 72வது பிரிவு ஒவ்வொரு குடியரசுக்கும் பிரிந்து போகும் உரிமை தந்தது, ஒரே வரி. எப்படிப் போவது என்ற வழி 1990 ஏப்ரல் வரை எழுதப்படவில்லை. எழுதியபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், ஐந்து ஆண்டு வரை காத்திருப்பு என்று பூட்டுப் போட்டார்கள். ஆனால் அந்த ஒற்றை வரிதான் கடைசியில் எல்லையைத் தீர்மானித்தது. அது பதினைந்து குடியரசுகளுக்கு இருந்தது, அவற்றுக்குள் அடங்கிய தன்னாட்சிப் பகுதிகளான செச்சென்யாவுக்கு இல்லை, அப்காசியாவுக்கு இல்லை, கராபாக்குக்கு இல்லை. பதினைந்தும் ஐ.நா.வில் உட்கார்ந்தன. செச்சென்யாவுக்கு 1994ல் டாங்கி வந்தது. ஸ்டாலின் காலத்தில் அலுவலகத்தில் யாரோ போட்ட நிர்வாகத் தகுதி, அறுபது ஆண்டுக்குப் பிறகு யாருக்கு நாடு, யாருக்குக் குண்டு என்று பிரித்தது.

கணக்குப்பிள்ளை:
நல்லூரான் சொன்னது முக்கியமான இடம். நான் அதை என் பக்கத்துக்கு இழுக்கிறேன், கோபிக்க வேண்டாம். யூனியனை விட்டு வெளியேறியதில் எல்லோரும் பால்டிக்கையும் உக்ரைனையும் பேசுகிறோம். ரஷ்யாவை மறந்துவிடுகிறோம். 1990 ஜூன் 12ல் ரஷ்யக் குடியரசே தன் சட்டம்தான் யூனியன் சட்டத்துக்கு மேல் என்று அறிவித்தது. தோழர் சொன்ன அதே மார்ச் 17 வாக்கெடுப்பில் ரஷ்யாவில் இன்னொரு கேள்வியும் இருந்தது, ரஷ்யாவுக்குத் தனியாக மக்கள் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி வேண்டுமா என்று. அதற்கும் ஆம். யூனியனும் வேண்டும், அதை அசைக்கும் பதவியும் வேண்டும் என்று ஒரே நாளில் ஓட்டு. ஜூனில் யெல்ட்சின் ஜெயித்தார்.

அப்புறம் அவர் செய்த காரியம் ஆகஸ்ட் சதியை எதிர்த்து டாங்கி மேல் ஏறிப் பேசியதை விடப் பெரியது. 1991ல் குடியரசுகள் மத்திய பட்ஜெட்டுக்கு வரியை அனுப்பாமல் பிடித்து வைத்தன, முன்னால் நின்றது ரஷ்யா. மாஸ்கோ நகரத்தில் இரண்டு அரசாங்கம், ஒன்றிடம் அணுகுண்டுப் பெட்டி, இன்னொன்றிடம் வரி. நவம்பரில் யூனியன் அரசிடம் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை, யெல்ட்சின்தான் ஏற்றுக்கொண்டார். என்னைக் கேட்டால் சோவியத் யூனியன் செத்தது அந்த நவம்பரில். டிசம்பர் 8 பெலோவெஷ் கையெழுத்து, டிசம்பர் 25 கொடி, இதெல்லாம் மரணச் சான்றிதழ் வாங்கும் வேலை.

தேயிலைக்காடு:
குன்னூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இது வரலாறு இல்லை, விலை. இந்தியத் தேயிலையை வெளிநாட்டில் அதிகம் வாங்கியது சோவியத் யூனியன்தான், ரூபாய்-ரூபிள் கணக்கில், அரசு நிறுவனம் மொத்தமாக எடுத்துக்கொண்டு போகும். தரம் பற்றிப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், அந்தப் பழக்கம் எங்களையும் கெடுத்தது என்று அப்பா சொல்வார். 1992ல் அந்த வாடிக்கையாளரே இல்லை. வாங்க ஆசை இருந்தது, டாலர் இல்லை. கூடங்குளமும் அப்படித்தான், 1988ல் ராஜீவும் கோர்பசேவும் கையெழுத்துப் போட்டது, கட்டுமானம் ஆரம்பிக்க 2002 ஆயிற்று.

மட்டுறுத்துநர்:
கூடங்குளம் பற்றி வந்த அடுத்தடுத்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே சண்டை போடுங்கள். இங்கே தலைப்பு ரூபிள்.

கரிசல்மைந்தன்:
நன்றி ஐயா. கணக்குப்பிள்ளை, ஒன்று இன்னும் புரியவில்லை. பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்றால் 1992ல் கைதார் செய்தது குற்றமே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
அப்படிச் சொல்லவில்லை. முதல் கொள்ளை 1991 ஜனவரியில் நடந்தது, கைதார் அப்போது ஆட்சியிலேயே இல்லை. நோட்டு மாற்றம் நடக்காது என்று சொல்லிக்கொண்டிருந்த பாவ்லோவ் பிரதமரான சில நாட்களில், ஒரு இரவு டிவியில் 50, 100 ரூபிள் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்ற மூன்று நாள். ஆளுக்கு ஆயிரம் ரூபிள், ஓய்வூதியக்காரருக்கு அதிலும் குறைவு. வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 500க்கு மேல் எடுக்க முடியாது. 2016 நவம்பரில் நம் ஏடிஎம் வரிசையில் நின்றவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். ஏப்ரலில் கடை விலையை ஏற்றினார்கள், சேமிப்புக்கு 40 சதவீதம் ஈடு என்று எழுதி, அதை எடுக்க முடியாதபடி முடக்கி வைத்தார்கள். வெளிநாட்டுச் செலாவணிக் கணக்குகளும் அந்த ஆண்டு இறுதியில் முடங்கின.

இப்போது 1992க்கு வருவோம். 1990ல் 5,000 ரூபிள் வைத்திருந்தவர் காகிதக் கணக்கில் பாதி ஜிகுலி கார் வைத்திருந்தார். 1992 டிசம்பரில் சராசரி மாதச் சம்பளமே 16,000 ரூபிள், டாலர் 400 ரூபிளுக்கு மேல். அவர் கையில் இருந்தது பத்துப் பன்னிரண்டு டாலர். விலையை விடுவிக்காமல் இருந்திருந்தால்? அலமாரி காலியாகவே இருந்திருக்கும், 1991-92 குளிர்காலத்தில் பெரிய நகரங்களில் ரொட்டிக்கே பயம் இருந்தது. அதனால் விலையை விடுவித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்வது வேறு இடத்தில். அரசிடம் கொடுக்கப் பணம் இல்லை, ஆனால் சொத்து இருந்தது. எண்ணெய்க் கிணறு, நிக்கல், உருக்காலை, வீடு. சேமிப்பை இழந்தவர்களுக்கு அந்தச் சொத்தில் பங்கு எழுதியிருக்கலாம். 1991 ஜூலையில் ஒவ்வொருவர் பெயரிலும் தனியார்மயக் கணக்கு சேமிப்பு வங்கியில் திறக்க ரஷ்யாவில் சட்டமே வந்தது. விற்க முடியாத, பெயர் போட்ட கணக்கு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு யார் கையிலிருந்தும் யாரும் வாங்கக்கூடிய பெயரில்லாத வவுச்சர் கொண்டுவந்தார்கள். வேகம் வேண்டும், கம்யூனிஸ்டுகள் திரும்பி வரும் முன் சொத்து கைமாற வேண்டும் என்ற அவசரம். பசித்தவனிடம் பங்குப் பத்திரம் கொடுத்தால் அன்று மாலையே விற்பான், இது அவர்களுக்குத் தெரியாதா?

செவ்வானம்:
கடைசிப் பத்தியில் நீங்கள் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பாதி வழிதான். காசைச் செலவழித்தது உங்கள் கட்சி.

நல்லூரான்:
ரஷ்யா தவிர மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? எல்லோரும் ஒரே ரூபிளைத்தானே வைத்திருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அது தனிக் கூத்து. 1992ல் நாடு பதினைந்து, பணம் ஒன்று. நோட்டு அச்சடிக்கும் இயந்திரம் ரஷ்யாவில், ஆனால் ஏட்டுக் கடனை ஒவ்வொரு நாட்டு மத்திய வங்கியும் இஷ்டத்துக்கு உருவாக்கலாம். ஊர் விருந்தில் செலவு எல்லோருக்கும் பொது என்றால் யார் குறைவாகச் சாப்பிடுவார்? எஸ்டோனியா முதலில் கழன்றது. 1992 ஜூனில் குரோன், 10 ரூபிளுக்கு ஒன்று, ஆளுக்கு 1,500 ரூபிள் வரை, ஜெர்மன் மார்க்கோடு கட்டிவிட்டார்கள். அங்கேயும் சேமிப்புக்காரர் இழந்தார், ஆனால் அதோடு வலி நின்றது. 1993 ஜூலையில் ரஷ்ய மத்திய வங்கி பழைய நோட்டுகளைத் திடீரென்று செல்லாது என்றதும், மற்ற நாடுகளும் தங்கள் தங்கள் பணத்துக்கு ஓடின.

பழைய மாணவன்:
ஈடு எதாவது கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உக்ரைனில் 2008 ஜனவரியில் திமோஷென்கோ அரசு பழைய சேமிப்புக்காரர்களுக்கு ஆளுக்கு அதிகபட்சம் ஆயிரம் ஹ்ரிவ்னியா கொடுத்தது, அப்போதைய மதிப்பில் 200 டாலர். வங்கி வாசலில் கடும் குளிரில் கிழவர் கிழவிகள் வரிசை. நான் சொன்ன பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார் என்று அங்கேயே தங்கிவிட்ட நண்பர் எழுதினார்.

கணக்குப்பிள்ளை:
ரஷ்யாவில் 1995 மேயில் சட்டம் போட்டார்கள், சோவியத் சேமிப்பு முழுவதும் அரசின் உள்நாட்டுக் கடன், வாங்கும் சக்தி குறையாமல் திருப்பித் தருவோம் என்று. முழு ஈட்டை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். பகுதி ஈடு கிடைக்கும். 1945 வரை பிறந்தவர்களுக்கு 1991 ஜூன் இருப்பைப் போல மூன்று மடங்கு, அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு இரண்டு மடங்கு, முன்பு வாங்கியது போக. நம் 5,000 ரூபிள்காரர் கணக்கை மூடாமல் வைத்திருந்தால் அதிகபட்சம் 15,000 புது ரூபிள் வரும். பாதி ஜிகுலி இருந்த இடத்தில் நாலு டயர் வாங்கலாம், பழைய பாஸ்புக்கைத் தொலைக்காமல் வைத்திருந்தால் நல்லது.

வெளிநாட்டுக் கடனை மட்டும் ரஷ்யா முழுவதுமாகத் தலையில் ஏற்று, கடன் கொடுத்த அரசுகளின் குழுவான பாரிஸ் கிளப் பாக்கியை 2006ல் முன்கூட்டியே அடைத்தது.